கொய்யாக்காயில வெச்ச கைநாட்டு

இன்னாமே வசந்தா, ஈறுல ரத்தம் வருதுன்னு ஒம் மருமவ பல்லு வெளக்கறதையே நிறுத்திட்டாளாமே? நிறுத்தக் கூடாதுன்னு சொல்லு. நான் அதுக்கு நேர்மாறா அழுத்தித் தேச்சித்தான் எங் கல்யாணமே நிக்கப் பாத்துது. (சிரிக்காத, கேளு.)

எங்க நைனாவுக்குத் திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளையில வேலை. ஊட்ல செங்கல் தூளு மூட்டையாவே கெடக்கும். அதுலதான் பல்லு வெளக்கறது. எனக்கு அப்பவே ஈறு வீங்கி, துப்பினா செவப்பா வரும். கெட்ட ரத்தம், போவட்டும்னு இன்னும் அழுத்தித் தேப்பேன். பொண்ணு பாக்க வர்ற அன்னிக்குக் கேக்கணுமா? பளிச்சுனு இருக்கட்டும்னு தேச்சேன் பாரு, பித்தளைச் சொம்பு கூட அப்பிடித் தேய்ப்பு வாங்கியிருக்காது.

மாப்ள புதுவாயல்காரரு. கும்மிடிப்பூண்டி கம்பெனியில வேலை. இந்த எடம் தட்டிப்போனா பொதட்டூர்பேட்டை மாமனுக்கு ரெண்டாந்தாரமாக் குடுத்துடுவேன்னு நைனா சொல்லிட்டாரு. (அந்தாளுக்குத் தலையில முடியும் இல்ல, வாயில பல்லும் இல்ல.)

மாப்ளையோட அம்மா வாயில பொகையிலய அடக்கிக்கினு வந்து குந்துச்சி. பாடச் சொல்லல, நடக்கச் சொல்லல. மடியிலேர்ந்து ஒரு கொய்யாக்காய எடுத்து, "கடிம்மா, பல்லு கெட்டியான்னு பாப்போம்"னுச்சி. கல்லு மாதிரிக் காய். கடிச்சேன். வெள்ளவெளேர்னு இருந்த காய்ச் சதையில எம் பல்லு ஒவ்வொண்ணுக்கும் ஒரு செவப்புக் கோடு.

அந்தம்மா காயப் புடுங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துச்சி.

"பொண்ணு ரத்தம் கக்குது. இது காசம்"னு சொல்லி, காபியத் தொடாம எழுந்துக்கிச்சி. (அப்பல்லாம் காசம்னா தெருவே கதவச் சாத்திக்கும்.) நைனா மொகத்துல உசுரே இல்ல.

மாப்ளதான் வாயத் தொறந்தாரு. "டவுன் ஆஸ்பத்திரி கிட்டத்துலதானம்மா கீது. டாக்டராண்ட கேட்டுக்கினு போயிடலாம்."

ரெண்டு ஊட்டு ஜனமும் பட்டுப்பொடவையோட நடந்தோம். சாட்சிக்கு அந்தக் கொய்யாக்கா மாமியா கையில. டாக்டரு கொழாய நெஞ்சுல வெச்சாரு, முதுவுல வெச்சாரு, இருமச் சொன்னாரு. நைனா கண்ண மூடிக்கினாரு. அப்பறம் என் வாயப் பாத்துட்டு, "எதுல வெளக்கற?"ன்னாரு.

"செங்கல் தூளுங்க."

"ஒன் வாய் இன்னா சூளையா? நெஞ்சு நல்லாருக்கு. ஈறுதான் கெட்டுருக்கு. பல்லுல ஒட்டின காரைய நாங்க எடுத்துடறோம். இனிமே மெத்துனு பிரஷ்ல காலையிலயும் படுக்கச்சயும் பதமா வெளக்கு. ரத்தம் வருதுன்னு விட்டுடாத."

மாமியா விடல. "எனக்கெல்லாம் சொட்டு ரத்தம் வந்ததில்ல டாக்டரே."

"நீங்களும் தொறங்கம்மா."

குச்சியால தொட்டாரு பாரு, முன்பல்லு ஊஞ்சல் ஆடுது.

"பொண்ணுக்குச் சரியாயிடும். ஒங்களுக்குத்தான் பொகையில ஈற அரிச்சிட்டுது."

மாப்ள சிரிப்ப அடக்கத் தெரியாம செவத்தப் பாத்துக்கினு நின்னாரு. அப்பத்தான் இந்தாளக் கட்டிக்கலாம்னு எனக்கே தோணுச்சி.

வாசப்படி தாண்டினதும் மாமியா நைனாவக் கூப்புட்டு மெதுவா சொல்லுச்சி: "தேதி குறிங்க. நானும் வாயத் தொறந்து காட்டினது மட்டும் புதுவாயலுக்குத் தெரிய வாணாம்."

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதில்ல? அந்தப் பல்லுத் தடம்தான் எங் கைநாட்டுன்னு ஊட்ல கேலி. இன்னிக்கும் எங்க ஊட்ல கொய்யாக்கா வாங்கினா மொதல் காய் எங்கிட்டதான் வரும். "ஆயா, கைநாட்டு வெய்யி"ம்பான் பேரன். கடிச்சிக் குடுப்பேன். திருப்பித் திருப்பிப் பாப்பான், வெள்ளையாவே இருக்கும். அத்தினி பல்லும் என்னுது. ஒம் மருமவளக் கூட்டியா, நான் சொல்றேன்... இரு இரு, கொழாயில தண்ணி வந்துட்டுது. அந்தக் கொடத்த எடு.