மலை ஏற வேண்டிய வண்டி

சாவியை எந்தப் பக்கம் திருப்பினாலும் விளக்கு எரியவில்லை. ஹேமநாதன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிக்கரை உதைத்தார். பழைய மோட்டார் சைக்கிள் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது.

"ஆட்டோ நிக்குது, ஏறுங்க," என்றாள் மனைவி சுசித்ரா. கையில் சீர்த்தட்டு. "தாய்மாமன் இல்லாம தாலி கட்ட மாட்டாங்க."

"நீ போ. நான் வண்டியிலதான் வருவேன்."

திருத்தணி மலைக்கோயிலில் அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம். நேற்று விருந்தில், பெண்ணின் அப்பா ராஜகோபால் பாவா இலையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஒன்று சொல்லியிருந்தார். "மச்சானோட ஓட்டை வண்டி மட்டும் மலை ஏறட்டும், நான் பாதி மீசைய எடுத்துட்டு வந்து நிக்கிறேன்." பள்ளிப்பட்டிலிருந்து அதே வண்டியில் வந்திறங்கிய ஹேமநாதனுக்குச் சாம்பார் சாதம் உள்ளே இறங்கவில்லை. பாவாவின் பாதி மீசையைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

சுசித்ரா ஆட்டோவில் போய்விட்டாள். இரவு தங்கியிருந்த அடிவாரச் சத்திரத்து வாசலில் அவரும் வண்டியும் மட்டும் மிச்சம்.

"இன்னாண்ணே, ஸ்டார்ட் ஆவலையா?"

எதிர் டீக்கடை பெஞ்சிலிருந்து நீலச் சட்டைக்காரன் ஒருவன் எழுந்து வந்தான்.

"நேத்து வரைக்கும் குதிரை மாதிரி ஓடிச்சு தம்பி."

"பிளக்கப் பாக்கலாம்ணே."

பிளக்கைக் கழற்றினார்கள். கரி அப்பியிருந்தது. உப்புத்தாள் இல்லாததால் செங்கல்லில் தேய்த்து மாட்டினார்கள். இப்போது அந்த ஒற்றை இருமலும் நின்றுபோனது.

ஹேமநாதன் குனிந்து பார்த்தார். சாவித் துவாரத்துக்கு அடியில் ஒயர்கள் பிய்ந்து தொங்கின.

"எலி கடிச்சிருக்கும்ணே," என்றான் நீலச் சட்டை.

"சத்திரத்துல எலி இருக்காதா பின்ன!" என்று சொல்லிக்கொண்டே அவர் சிவப்பு ஒயரையும் மஞ்சள் ஒயரையும் முறுக்கினார். ஹாரன் அலற ஆரம்பித்தது. நிற்கவேயில்லை. மலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பமே அரோகரா சொல்வதை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டது. ஹேமநாதன் ஹாரன் ஒயரைப் பிடுங்கினார். ஹாரன் அடங்கியது, இன்டிகேட்டர்கள் கண்ணடிக்கத் தொடங்கின.

"தள்ளி எடுக்கலாம்ணே. நான் தள்றேன், நீங்க குந்துங்க."

சரிவில் வண்டி உருண்டது. கியர் போட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஆனால் வேட்டியின் ஜரிகை முனை செயினுக்குள் போனது. இருவரும் சேர்ந்து இழுத்ததில் வேட்டி திரும்பக் கிடைத்தது, கறுப்புக் கரையோடு.

கைப்பேசி அடித்தது. ராஜகோபால் பாவா.

"மச்சான், குருக்களு மாமன் எங்கன்னு கேட்டுகினு இருக்காரு. ஆட்டோவுல வந்துடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

'ஒண்ணும் சொல்ல மாட்டேன்' என்பதுதான் சுட்டது. இருந்தாலும் மருமகளின் முகம் கண்முன் வந்தது. அவர் கைகாட்டியதும் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

நீலச் சட்டைக்காரன் குறுக்கே வந்து நின்றான். அவன் முகம் அழுதுவிடும்போல் இருந்தது. "விட்டுடாதீங்கண்ணே! இவ்ளோ தூரம் வந்துட்டு, இப்படியே போட்டுட்டுப் போனா மனசு ஆறுமாண்ணே?"

கூடப் பிறந்தவன்கூட இப்படிச் சொல்லமாட்டான் என்று ஹேமநாதனுக்குப் பட்டது. ஆட்டோவை அனுப்பிவிட்டார்.

"தம்பி, பிளக் மூடியக் கழட்டிக் கையில புடி. கரண்ட் வருதான்னு பாத்துடுவோம்."

அவன் பிடித்துக்கொண்டான். ஹேமநாதன் ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பு ஒயரை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு, முருகனை நினைத்து ஓங்கி ஓர் உதை விட்டார்.

"ஐயோ!" நீலச் சட்டை நடுரோட்டுக்குத் துள்ளினான். "ஷாக் அடிக்குதுண்ணே!"

"கரண்ட் வந்துடுச்சு!"

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மூடியை மாட்டி அடுத்து உதைத்ததும் வண்டி படபடவென்று உயிர் பெற்றது. புகை கலைந்தபோது ஹேமநாதன் கண்களில் நீர்.

"கையெல்லாம் கரிண்ணே. இப்படியேவா பொண்ண ஆசீர்வாதம் பண்ணப் போறீங்க? கழுவிகினு வாங்க. நின்னா மறுபடி ஆஃப் ஆயிடும், நான் ஒரு ரவுண்டு சூடு பண்ணிகினு வரேன்."

"அக்சிலேட்டர விட்டுடாத தம்பி!"

"விடவே மாட்டேண்ணே!"

வண்டி அரக்கோணம் சாலைப் பக்கம் திரும்பியது. அந்தச் சத்தத்தைப் பெருமையோடு கேட்டபடி ஹேமநாதன் டீக்கடைக்குப் போனார். கடைக்காரம்மா பாஞ்சாலி சொம்பில் தண்ணீர் ஊற்றினாள்.

"அவரு உங்க தம்பிங்களா?"

"இல்லம்மா. யாரு பெத்த புள்ளையோ, தங்கமான மனசு. உங்க கடைக்கு வழக்கமா வர்றவராக்கும்னு நெனச்சேன்."

பாஞ்சாலி சொம்பை நிமிர்த்தினாள்.

"இன்னிக்குத்தாங்க பாக்குறேன். விடியக்காத்தாலேருந்து அந்த வண்டியத்தான் உதைச்சுகினு இருந்தாரு. அப்பறம் முடியாம இங்க வந்து குந்திகினு, 'ஓனரு வரட்டும்க்கா, அவரு கையாலதான் இது ஸ்டார்ட் ஆவும்'னாரு."