செல்போனில் அடித்த மொட்டை

மொட்டை அடிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். ஆண்டவனே வந்து கேட்டாலும் சரி, அவனைவிடப் பெரியவளான என் மனைவி சித்ரகலா கேட்டாலும் சரி.

வேண்டிக்கொண்டது நான்தான். பெருமாநல்லூரில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனியின் பெரிய ஆர்டரை, சாயம் போகிறதென்று வெளிநாட்டுக்காரர்கள் ரத்து செய்யப் பார்த்தார்கள். "பழனியாண்டவா, சரக்கு கப்பல் ஏறட்டும், முடி தருகிறேன்" என்றேன். ஏறிவிட்டது. ஆனால் ஐம்பது வயதிலும் ஒரு முடி நரைக்காத தலை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் மதுமதிக்குக் கல்யாணம். தாய்மாமன் நான் மேடையேற வேண்டும். மொட்டையோடா?

"ஏனுங்க, பழனிக்கு எப்போ போறீங்க?"

"எதுக்கு அம்மிணி போகோணும்? அபிஷேகத்தை நீ போன்லதான் பாக்கறே. அர்ச்சனைக்குப் போன்லதான் பேர் குடுக்கறே. திருநீறு கூரியர்ல வருது. சாமியே போனுக்கு வந்தாச்சு. மொட்டை மட்டும் எதுக்கு நேர்ல?"

"போன்ல எப்படீங்க மொட்டை அடிப்பீங்க?"

அடித்துக் காட்டினேன். அதற்கும் ஒரு ஆப் இருக்கிறது. என் படத்தைக் கொடுத்தேன். மூன்றே நொடியில் மொட்டை, மேலே சந்தனம் வேறு. டிவியில் கோயில் நேரலை ஓடியது. தீபாராதனை காட்டும்போது அந்தப் படத்தை எதிரே பிடித்தேன். முருகன் மறுக்கவில்லை.

சித்ரகலாவும் மறுக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"நல்லா இருக்குதுங்க. எனக்கொண்ணு அனுப்புங்க."

அனுப்பினேன்.

சனிக்கிழமை காலையிலிருந்து போன் ஓயவில்லை. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் என் மொட்டை. கீழே அவள் எழுதியிருந்தாள்: 'எங்க ஊட்டுக்காரர் வேண்டுதலை முடிச்சுட்டாருங்க.' நூற்றுப் பன்னிரண்டு பேர் கும்பிட்டிருந்தார்கள். அக்கா பூரித்துப்போய் போனிலேயே அழுதாள். "மாப்பிள்ளை ஊட்டுல எல்லாருக்கும் உன்ற படத்தைக் காட்டிட்டேன் கண்ணு."

"அதை அழிச்சுடு அம்மிணி."

"அழிச்சரலாமுங்க. நாளைக்கு மண்டபத்துல அத்தனை பேரும் முடியப் பாத்துட்டு, சாமியவே ஏமாத்தினவருன்னு சொல்லுவாங்க. பரவால்லீங்களா?"

"தலைய மறைச்சு உருமாலை கட்டிக்குவேன்."

"அது மாப்பிள்ளைக்குக் கட்டறதுங்க."

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "இனி பழனிக்குப் போக நேரமேது?"

வாசலில் மணி அடித்தது. கத்திப் பெட்டியோடு ஒருவர் நின்றார்.

"நீங்க சொன்னது சரிதானுங்க. எதுக்குப் பழனிக்குப் போகோணும்? போன்ல பதிஞ்சேன், ஆளு ஊட்டுக்கே வந்துட்டாரு. முடியைக் கூரியர்ல அனுப்பிக்கலாமுங்க. உக்காருங்க."

இப்போதும் சொல்கிறேன், நான் பணியவில்லை. கத்தி படுமே என்று தலையை மட்டும் குனிந்துகொண்டேன்.