கேப்டன் பிக்கட்டின் மேல்பாதி

நம் அமெரிக்கக் குடியரசில் ஒருவன் ராணுவ கேப்டன் ஆவதற்குத் துப்பாக்கி சுடத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஜனாதிபதி பெயரை எழுதி அனுப்ப வேண்டும், செனட் ஆலோசித்து ஒப்புதல் தர வேண்டும், அவ்வளவுதான். ஆலோசிப்பது என்றால், தலைநகரமான பிலடெல்பியாவில் கதவைச் சாத்திக்கொண்டு, ஆள் எந்த மாநிலத்தானோ அந்த மாநிலத்து செனட்டரின் முகத்தைப் பார்ப்பது. அவர் தலையாட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அவர் மூக்கைச் சுளித்தால் ஆள் காலி. இதற்கு மரியாதை என்று பெயர்.

லெமுவெல் பிக்கட்டின் கல்யாணமே இந்த மரியாதையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. 'கறுப்புச் சேவல்' சத்திரத்துக்காரர் சைலஸ் கூப்ஸ், தம் மகள் கெசையாவை ஒரு கேப்டனுக்குத்தான் கொடுப்பேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டார். லெமுவெலின் பெயர் செனட்டுக்குப் போன அன்று அவன் ஆப்பிள் பணியாரத்தைக்கூடத் தொடவில்லை. பாவம், அந்தப் பெண்மேல் உயிரையே வைத்திருந்தான்.

வினை எங்கே இருந்தது என்றால், அவன் பிறந்த வீட்டில். அது பென்சில்வேனியாவுக்கும் டெலவேருக்கும் நடுவே எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கோடு படுக்கையறைக்குள் புகுந்து, கட்டிலுக்குக் குறுக்கே போயிற்று. அப்படியானால் மேற்படி லெமுவெல் எந்த மாநிலத்தான்? யாருடைய முகத்தைப் பார்ப்பது? செனட் திகைத்துப்போய் விசாரணைக் குழு அமைத்தது. கனம் பொருந்திய செனட்டர் ஓக்லி பென்சில்வேனியாவுக்கு. கனம் பொருந்திய வார்ப் டெலவேருக்கு. இருவரும் வண்டி கட்டிக்கொண்டு போய்க் கட்டிலை நேரில் பார்வையிட்டார்கள். ஓக்லி அதில் படுத்தும் பார்த்தார். லெமுவெல் கதவோரம் கை பிசைந்துகொண்டு நின்றான்.

"அம்மா, இவர் எங்கே பிறந்தார்?" என்று ஓக்லி ஆரம்பித்தார்.

"இந்தக் கட்டில்லதான். வேற எங்க, வேலி மேலயா?" என்றாள் லெமுவெலின் தாய் டோர்கஸ்.

"கட்டில் இதே இடத்தில்தான் கிடந்ததா?"

"மொதல்ல ஜன்னல் பக்கம் கெடந்துச்சு. இவனுக்குக் காலுதான் மொதல்ல வந்துச்சு, அப்பவே அவசரக்குடுக்கை. குளிருதுன்னு மருத்துவச்சி கட்டிலை அடுப்புப் பக்கம் இழுத்தா. அப்புறந்தான் தலை வந்துச்சு."

ஜன்னல் டெலவேரில் இருந்தது. அடுப்பு பென்சில்வேனியாவில் இருந்தது.

"அப்போ தலை எங்களுது!" என்று துள்ளினார் ஓக்லி. "இடுப்பு வரைக்கும் நான் ஒப்புக்கறேன்."

"கால் எங்களுடையது, அதை நான் ஒப்புக்க மாட்டேன்," என்றார் வார்ப். "அதுல என்ன தொங்குதுன்னு பாருமய்யா!"

லெமுவெல் கணுக்கால் வரைக்கும் நீண்ட கால்சட்டை போட்டிருந்தான். முழங்காலோடு நிற்கும் கால்சட்டையும் வெள்ளைப் பட்டுக் காலுறையும் போட்டவன்தான் யோக்கியன், நீளக் கால்சட்டைக்காரன் எல்லாம் பிரெஞ்சுப் புரட்சிக்காரனைப் போல ராஜா தலையை வெட்டக் கிளம்பியவன் என்பது வார்ப்பின் அசைக்க முடியாத கொள்கை.

செனட் இரு மாநிலத்துக்கும் மரியாதை செய்தது. "மேற்படி நபர் இடுப்புக்கு மேல் கேப்டனாகவும், இடுப்புக்குக் கீழ் சாதாரணக் குடிமகனாகவும் கருதப்படுவார்" என்று தீர்மானம் நிறைவேறியது. ராணுவ அலுவலகம் தங்கப் பொத்தான் வைத்த கோட்டும் தொப்பியும் கொடுத்தது. பூட்ஸ் கேட்டதற்கு, "தனியார் காலுக்கெல்லாம் சர்க்கார் பூட்ஸ் கெடையாதுங்க" என்றார் குமாஸ்தா. எல்லைப்புறத்து ராணுவக் கோட்டைக்கு அவனை அனுப்பவும் முடியவில்லை. மேல்பாதிக்கு உத்தரவு போடலாம். காலுக்கு எப்படிப் போடுவது?

லெமுவெல் நேரே சத்திரத்துக்கு ஓடினான். கூப்ஸ் வாசலை மறித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, தப்பா நெனைக்காதீங்க. உங்க மேல்பாதி கேப்டன், எனக்குப் பரம சந்தோஷம். ஆனா என் வாசப்படியைத் தாண்டுறது கால்தானே? அது யாரோ ஒரு ஆளு."

அன்று முதல் லெமுவெல் தெருவில் நின்றபடி ஜன்னல் வழியாக இடுப்பு வரை உள்ளே நீட்டிக்கொண்டுதான் சாப்பிட்டான். கெசையாவின் கையைப் பிடித்துக்கொள்ள அனுமதி இருந்தது. கால் மழையில் நனைந்தது.

"எத்தனை நாளைக்கு இப்படி?" என்று கேட்டாள் கெசையா. "ஜன்னலைக் கட்டிக்கிட்ட மாதிரில்ல இருக்கு எனக்கு!"

இதைத் தெருவில் பார்த்த நாகரிக வாலிபர்கள் சும்மா இருப்பார்களா? மேலே கேப்டன் கோட்டு, கீழே குடியானவன் கால்சட்டை. ஒரு வாரத்தில் ஊரே அப்படி. 'பாதி ஒப்புதல்' என்று தையற்காரர்கள் பலகை மாட்டினார்கள். முழு ராணுவ உடுப்பில் வந்த ஒரு நிஜ கர்னலைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், அவர் வீட்டுக்கு ஓடிப்போய்க் கால்சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

ஒருநாள் கனம் பொருந்திய வார்ப் சத்திரத்துக்குச் சாப்பிட வந்தார். சூப் வைக்கப் போன கெசையா மேஜைக்கு அடியில் பார்த்தாள்.

"ஐயா, கால்ல என்னங்க அது?"

வார்ப் மேஜைத்துணியை இழுத்து மூடினார். "அது... இப்ப எல்லாரும்... மருமகன் வாங்கிக் குடுத்தான்."

"கணுக்கால் வரைக்கும் தொங்குதே! அப்போ எங்காளு காலு மட்டும் என்னங்க பாவம் பண்ணிச்சு?" என்று சத்திரமே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்.

மறுநாளே வார்ப் செனட்டில் எழுந்து, காலம் மாறிவிட்டது, கீழ்பாதிக்கு மனமார்ந்த ஒப்புதல் என்றார். லெமுவெல் செனட் வாசலில் நின்று தொப்பியை வானத்தில் எறிந்தான். அது கீழே விழுவதற்குள் உள்ளே ஓக்லி எழுந்துவிட்டார்.

"சவரக்கடைப் பையன்கூட அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டுத் திரியறான். அதுக்குள்ள இருக்கற ஆளுக்கு இனி என்ன கௌரவம்? மேல்பாதிக்குத் தந்த ஒப்புதலை வாபஸ் வாங்கறேன்."

இரு மாநிலத்துக்கும் மறுபடி மரியாதை செய்யப்பட்டது.

ராணுவ அலுவலகம் கோட்டையும் தொப்பியையும் பிடுங்கிக்கொண்டு, பளபளவென்று பூட்ஸ் கொடுத்தது. மறுநாள் விடிந்து முரசு கொட்டியதும் கால்கள் எல்லைப்புறத்துக் கோட்டைக்கு நடக்க வேண்டும் என்று உத்தரவு.

"மேல்பாதி?" என்றான் லெமுவெல்.

"அது உங்க சொந்தப் பொறுப்பு. கூட வந்தா எங்களுக்கு ஆட்சேபணை இல்லை," என்றார் குமாஸ்தா.

கூப்ஸ் இந்தமுறை வாசலை அகலத் திறந்தார். "கேப்டன்னுதான் சொன்னேன், எந்தப் பக்கம்னு சொன்னேனா? வாங்க மாப்பிள்ளை! பாதிரியாரைக் கூப்பிடுங்கடா!"

அன்று சாயங்காலமே தேவாலயத்தில் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கோட்டு இல்லை என்று கெசையா அப்பாவின் சத்திரத்துச் சமையல் ஏப்ரனை எடுத்து அவன் கழுத்தில் கட்டிவிட்டாள். மோதிரம் வருவதற்குள், தேவாலயத்தில் இருந்த பாதி வாலிபர்கள் வெளியே போய் எங்கிருந்தோ சமையல் ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வார்ப்புக்குக் கிடைத்ததில் குழம்புக் கறை இருந்தது.

பாதிரியார் கேட்டார்: "கெசையா, இந்த மனிதரை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறாயா?"

கெசையா அவன் பூட்ஸைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"சர்க்கார் எடுத்துக்கிட்டது போக மிச்சம் எவ்வளவு இருக்கோ, அதை ஏத்துக்கறேன்," என்றாள்.

அங்கே உட்கார்ந்திருந்த செனட்டர், கர்னல், குமாஸ்தா இவர்களுடைய மனைவிமார் அத்தனை பேரும், பாதிரியாருக்கு முன்னாலேயே, ஒரே குரலில் "ஆமென்" என்றார்கள்.