கடிகாரம் இரவல், ஆணி எங்களுடையது

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து வருஷத்துக்கும் மேலாக யோசித்துக்கொண்டே இருந்தேன். நோட்டை எடுப்பேன், மேலே "மாரியம்மன் துணை" என்று எழுதுவேன், வெட்கம் வந்து மூடி வைத்துவிடுவேன். (அந்த ஒரு வரியோடு நிற்கும் நோட்டுகள் வீட்டில் நாலு இருக்கின்றன.) நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். கேரள எல்லையில், பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியில் மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பம். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரம்மா ஒருவர் ஆள் தெரியாமல் என் கதையை எனக்கே சொன்னார். அதில் நான் ஏசி மெஷின்கூட இரவல் வாங்கியிருந்தேன். இனியும் சும்மா இருந்தால் அடுத்த கல்யாணத்தில் யானையே வந்துவிடும் என்று பயந்துதான் எழுதுகிறேன்.

என் மகள் நித்யா விடிகாலையில் என்னோடு சேர்ந்து நாலு மாடு கறந்து, கேனைச் சைக்கிளில் கட்டிச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, அப்படியே பள்ளிக்கூடம் போன பெண். கறக்கும் நேரமும் வீணாகக் கூடாது என்று பாடத்தைத் தாளில் எழுதித் தொழுவத்துக் கம்பத்தில் ஒட்டி வைப்பாள். (வேதியியல் தாளில் பாதியை எங்கள் மாடு சிவப்பி தின்றுவிட்டது. அந்தப் பாடத்தில்தான் மார்க் கொஞ்சம் குறைந்தது.) சொசைட்டியில் பாலுக்குள் கண்ணாடிக் குழாயை விட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குப் பால் பரிசோதனைப் படிப்பின் மேல் ஆசை. திருச்சூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலில் வைத்துப் படிக்க வைக்கத்தான் எங்களுக்கு வழியில்லை. பாலக்காட்டில் இருந்த ஓர் அறக்கட்டளைக்கு அவளே மனு எழுதிப் போட்டாள். "வீட்டை நேரில் பார்க்க வருகிறோம்" என்று பதில் வந்தது. அந்த உதவி கிடைத்தால் கல்லூரி. இல்லாவிட்டால் கோயமுத்தூர் மில்லில் வேலை. என் தம்பி அங்கே சொல்லியும் வைத்துவிட்டான்.

பெண் இருக்கும் வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் பக்கம் என்ன செய்வோம்? வெள்ளையடிப்போம், நல்ல சேலை கட்டுவோம், இல்லாததை இரவல் வாங்கி வைப்போம். எனக்குத் தெரிந்த 'பார்க்க வருவது' அது ஒன்றுதான். தவிரவும், இல்லாதவர்களுக்கு யாரும் எதுவும் கொடுத்து நான் பார்த்ததில்லை. பேங்க்கில் போனால் நிலம் இருக்கிறதா என்கிறார்கள். மளிகைக் கடையில்கூட மச்சு வீட்டுக்காரருக்குத்தான் சிரித்த முகத்தோடு கடன்.

என் வீட்டுக்காரர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"ஏம்புள்ள, இல்லாதவங்களுக்குன்னுதான லெட்டர்ல போட்டிருக்குது?"

"அதெல்லாம் ஒரு பேச்சுக்குப் போடறதுங்க. வந்து பாத்து மூஞ்சியச் சுளிச்சாங்கன்னா நம்ம புள்ளைக்குத்தான அசிங்கம்?"

"என்னமோ பண்ணு. மாட்ட மட்டும் மாத்திக் கட்டிராத."

அவர்கள் வருவதாகச் சொன்ன அன்று காலை நித்யா வருமான சர்டிபிகேட் வாங்க வில்லேஜ் ஆபீஸுக்குப் போயிருந்தாள். அந்த இடைவெளியில் வீடே மாறியது. எங்கள் ஊர்க் கந்தசாமி அண்ணன் மகன் கல்யாணத்துக்கு வந்த சோபா, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது, டிராக்டரில் வந்து இறங்கியது. சைக்கிள் கடையிலிருந்து பெரிய சுவர்க் கடிகாரம். பக்கத்து வீட்டுச் சரசுவின் ஃபிரிட்ஜ். எங்கள் கயிற்றுக் கட்டிலைத் தொழுவத்தில் ஒளித்து வைத்தேன்.

ஃபிரிட்ஜைத் தரும்போது சரசு ஒன்று சொன்னாள். "அக்கா, உள்ள இட்லி மாவு இருக்குது. கொண்டுபோன ஒடனே கரண்டுல போட்டிருங்க." ஆனால் ப்ளக் இருப்பது சமையலறையில். வருகிறவர் உட்காருவது முன்னறையில். ஃபிரிட்ஜ் ஓட வேண்டுமா, தெரிய வேண்டுமா என்று யோசித்தேன். தெரிய வேண்டும் என்று முடிவெடுத்தேன். (இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் நான் ஒரு குடும்பத்தை நடத்தியிருக்கிறேன்.)

வந்தவர் ஒரு ரிட்டயர்டு டீச்சர். மலையாளி. தமிழ் நன்றாகவே பேசுவார், நடுவில் மலையாளம் எட்டிப் பார்க்கும். அவர் சோபாவில் உட்கார, பிளாஸ்டிக் கிறீச்சென்று கத்த, அதே நேரத்தில் சர்டிபிகேட்டும் கையுமாக நித்யா வாசலில் வந்து நின்றாள். சோபாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வாசற்படியை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

டீச்சர் சர்டிபிகேட்டை வாங்கிப் படித்தார். பிறகு ஃபிரிட்ஜ், சோபா, கடிகாரம் எல்லாவற்றையும் பார்த்தார்.

"இதொக்கெ உங்களுதா?"

"ஆமாங்க டீச்சர். ஆத்தா புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க."

"அப்போ பின்னே ஸ்காலர்ஷிப் எதுக்கு?"

டீச்சர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். நித்யா அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. போய்த் தொழுவத்துப் பக்கம் பார்த்து நின்றாள். பன்னிரண்டு வருஷம் படித்த படிப்பை நான் கால் மணி நேரத்தில் மில்லுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காதவள் நான். அன்றைக்கு வீட்டில் சோபாவைக் கலந்துவிட்டேன்.

'ஆத்தா, நீதான் ஏதாவது பண்ணோணும்' என்று மனசுக்குள் கையெடுத்தேன்.

ஃபிரிட்ஜுக்குள் 'புளுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கதவிடுக்கில் வெள்ளையாக ஒரு கோடு இறங்கியது. சரியாக அந்த நேரம் பார்த்துச் சரசு உள்ளே வந்தாள்.

"மாவு எடுக்க வந்தனுங்க அக்கா" என்று கதவைத் திறந்தாள். எங்கள் பக்கத்து வெயிலில் பொங்கித் தளும்பி நின்ற மாவு குண்டாவோடு சரிந்து டீச்சரின் காலில் அபிஷேகமாக இறங்கியது.

"அய்யய்யோ! கரண்டுல போடோணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே! எங்கூட்டுல நாளைக்கு இட்லி போச்சே!"

அது அடங்குவதற்குள் வாசலில் டிராக்டர் சத்தம். கந்தசாமி அண்ணன் தலையை நீட்டினார். "சம்மந்தியூட்டுக்காரங்க சொல்லாமக் கொள்ளாம வந்துட்டாங்க அம்மிணி." டீச்சரைப் பார்த்துப் பவ்யமாகக் கும்பிட்டார். "நீங்க சித்தெ எந்திரிச்சீங்கன்னா சோபாவ எடுத்துக்குவனுங்க."

டீச்சர் மாவுக் காலோடு எழுந்தார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மாரியம்மன் மேல சத்தியமாச் சொல்லிர்றனுங்க டீச்சர். சோபா இவருது, ஃபிரிட்ஜ் இவளுது, கடிகாரம் சைக்கிள் கடையிது. எம் புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. அவ எழுதிப் போட்டதெல்லாம் நெசமுங்க."

"அப்போ இந்த வீட்டில் உங்களுது எது?"

சுற்றிப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தாயிற்று, ஒன்றையும் விடக் கூடாது.

"அந்தக் கடிகாரம் மாட்டியிருக்கிற ஆணி எங்களுதுங்க."

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சரசு சிரித்தாள். சோபாவின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டே கந்தசாமி அண்ணனும் சிரித்தார். நித்யா மட்டும் சிரிக்காமல் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து டீச்சரின் காலைக் கழுவிவிட்டாள். "எங்க கட்டில் தொழுவத்துல இருக்குதுங்க டீச்சர். அங்க உக்காந்துக்கலாமுங்க."

அந்தக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துதான் டீச்சர் மறுபடி பேனாவைத் திறந்தார். கம்பத்துத் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இதில் பாதி எங்கே?"

"மாடு தின்னுருச்சுங்க."

"அந்தப் பாதியில் என்ன இருந்தது?"

மார்க் குறைந்த ரோஷத்தில் பிறகு படித்து வைத்திருந்தாள் போல, நித்யா ஒரு வரி விடாமல் கடகடவென்று ஒப்பித்தாள். டீச்சர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நிறைய நேரம் எழுதினார்.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. நாலு வருஷப் படிப்பும் அந்த உதவியில்தான் முடிந்தது. மாரியம்மனுக்கு நாங்கள் பொங்கல் வைப்போம். அன்றைக்கு அவள் எனக்காக மாவைப் பொங்க வைத்தாள். இதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். (சரசு மட்டும் வெயில்தான் காரணம் என்கிறாள். மாவு போனவள் அப்படித்தான் பேசுவாள்.)

இப்போது நித்யா ஒரு பால் கம்பெனியில் பரிசோதனை அதிகாரி. முதல் சம்பளத்தில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினாள். அது வந்து இறங்கியதும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "ஆணி நம்முளுதா?" அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வர வேண்டும். போன வருஷம் மாப்பிள்ளை வந்தபோதும் கேட்டார்.

லீவு நாட்களில் அதே அறக்கட்டளைக்காக நித்யாவும் வீடுகளைப் பார்க்கப் போகிறாள். போனதும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாளாம். ப்ளக் மாட்டாமல் தொங்கினால் ஒன்றும் கேட்காமல், "அம்மா, உங்க கட்டில் எங்க இருக்குது? அங்க போய் உக்காந்து எழுதலாம்" என்பாளாம்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். பிள்ளைக்கு உதவி கேட்டு மனுப் போட்டிருக்கிற வீட்டுக்கு முக்கியமாகச் சொல்லுங்கள். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சோபா ஒன்று, ஃபிரிட்ஜ் ஒன்று, கடிகாரம் ஒன்று. ஏசி கிடையாது. ஆணி எங்களுடையது.