குட்டி போடாத செம்மறிகளுக்கு ஒரு கருத்தரங்கு

செம்மறி என்றால் குட்டி போட வேண்டும் என்பது வாழ்வாதாரத் திட்டத்தின் அசைக்க முடியாத கொள்கை. வட்டக்கச்சி விமலேஸ்வரிக்கு செம்மறிகளையும் கடாவையும் தீன் மூட்டைகளையும் இறக்கிக் கொடுத்த அன்றே அதிகாரி கதிர்காமநாதன் சொல்லிவிட்டார்: வருடத்துக்குள் குட்டி இல்லையென்றால் ஆடுகள் திரும்பிப் போய்விடும். மகளோடு தனித்திருந்தவளுக்கு அந்த ஆடுகளை விட்டால் வேறு வழியில்லை.

ஆடுகள் தின்றன, கொழுத்தன, குட்டி மட்டும் போடவில்லை.

"ஐயா, தீன் சோளத்திலை பச்சையாப் பூஞ்சணம் பிடிச்சிருக்கு. அதின்ரை நஞ்சு சினைப்பிடிக்க விடாதெண்டு மிருக வைத்தியர் சொன்னவர்."

"அப்பிடி இருக்கேலாது தங்கச்சி. பூஞ்சணம் இல்லாத தீன் எண்டுதானே நாங்கள் வாங்கினது."

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? குற்றம் தீனில் இல்லாதபடியால் அது ஆடுகளின் மனப்பாங்கில்தான் இருக்க வேண்டும். உடனே 'மந்தையில் மனமாற்றம்' என்று பெரிய பனர் கட்டி ஒரு கருத்தரங்கு நடந்தது. வளவாளராக, அதாவது வகுப்பெடுக்க, புதுக்குடியிருப்பிலிருந்து அனுபவமிக்க கடா ஒன்று ஜீப்பில் வந்திறங்கியது. மாலை போட்டார்கள். அது மாலையைத் தின்றது, தேநீர் இடைவேளையில் அதே தீனையும் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டது. கருத்தரங்கு பெருவெற்றி என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது.

விமலேஸ்வரி அன்றோடு தீனைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு ஆடுகளைக் குளக்கட்டில் மேயவிட்டாள். ஊரில் திட்டத்தில் ஆடும் தீனும் பெற்ற எல்லோரும் அதைத்தான் செய்தார்கள், ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆடுகள் சினைப்பட்டன. வருடம் முடியுமுன்னே குட்டிகளும் வந்துவிட்டன.

குட்டிகளைப் பார்க்க வந்த கதிர்காமநாதன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தீன் ஒழுங்காப் போட்டனீங்கள்தானே? போடாட்டி இது திட்டத்தின்ரை குட்டியில்லை. ஆடுகளைக் கொண்டுபோக வேண்டி வரும்."

விமலேஸ்வரி தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்த குட்டியைப் பார்த்தாள்.

"ஓம் ஐயா. தீனாலைதான்."

பக்கத்து வீடுகளிலும் அதே பதில். அதிகாரி பூரித்துப்போய்ப் பாடசாலை மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்.

"உங்கடை வாக்குமூலத்தை மேலிடம் ஏற்றுக்கொண்டிருக்கு. ஆடுகளுக்கே இவ்வளவு நல்லதெண்டால் பிள்ளையளுக்கு எவ்வளவு நல்லது? வாற தவணையிலை இருந்து பள்ளிக்கூடத்துக் காலைச் சாப்பாடு ஆட்டுத்தீன் வந்த அதே களஞ்சியத்துச் சோளத்திலைதான்."

முன்வரிசையில் மகள் இருந்தாள். உண்மையைச் சொன்னால் ஆடுகள் போய்விடும். வேறு யாராவது எழுந்து சொல்வார்கள் என்று விமலேஸ்வரி சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு யாரோ கைதட்டத் தொடங்கினார்கள், அவளும் தட்டினாள்.