துயரமானியின் நம்பகத்தன்மை

மானிட வரலாற்றில் நெருப்பு, சில்லு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகப் போற்றப்படவேண்டிய கண்டுபிடிப்பு, ஒட்டுசுட்டானில் பரீட்சித்துப் பார்க்கப்பட்ட 'வன்னித் துயரமானி' ஆகும். பத்துக் கேள்விகள், முப்பது புள்ளிகள்; புள்ளி கூடக்கூடச் சோர்வும் கூட. மனச்சோர்வை ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் அவலம் இனி யாருக்கும் இல்லை.

இந்த அரிய கருவியை ஸ்கூட்டியில் காவித் திரிந்தவள் தாட்சாயினி. வெளிக்கள உத்தியோகத்தர், ஆறு மாத ஒப்பந்தம். கருவி தேறினால் வேலை நீளும், தேறாவிட்டால் வீட்டில் இருக்கலாம். தேறுவதற்கு நிபந்தனை ஒன்றுதான். ஒரே ஆளிடம் இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள், இடைவெளியில் இருமுறை கேட்டால், இரு தடவையும் ஏறக்குறைய ஒரே புள்ளி வரவேண்டும். அவளுக்கு இருபது வீடுகள்.

முதல் வீடு விமலேஸ்வரியினுடையது. கணவரை யானை அடித்து எட்டு மாதம். படிவத்தைக் கண்டதுமே அவர் உள்ளே போய் ஒரு பைலைக் கொண்டுவந்தார். அடையாள அட்டை, குடும்ப அட்டை, மரணச் சான்றிதழ், எல்லாவற்றிலும் மும்மூன்று பிரதி. வன்னியில் படிவத்துக்குப் பின்னால் வீடோ விதைநெல்லோ கோழிக்குஞ்சோ வருவது வழக்கம்.

"எத்தினை கொப்பி வேணும் பிள்ளை?"

"ஒண்டும் வேண்டாம் அம்மா. நித்திரை வருகுதோ எண்டு சொல்லுங்கோ."

"எதைச் சொன்னாக் கிடைக்கும்?"

"என்ன கிடைக்கும்?"

"அது உங்களுக்கெல்லோ தெரியும்!"

உள்ளதைச் சொல்லும்படி தாட்சாயினி கெஞ்சினாள். உள்ளது இருபத்தொன்று. அதோடு எழும்பியிருக்கலாம். "அவர் எப்பிடிப்பட்ட ஆள் அம்மா?" என்று வினாக்கொத்தில் இல்லாத கேள்வியொன்றைக் கேட்டுத் தொலைத்தாள். கதை இரண்டு மணித்தியாலம் ஓடியது. விமலேஸ்வரி அழுதார், சிரித்தார், தேத்தண்ணி ஊற்றினார். அதற்குப் பிறகு அந்தப் பாதையால் போகும்போதெல்லாம் ஸ்கூட்டி அங்கே நின்றது. இரண்டு கிழமை கழித்து அளந்தால், எட்டு! ஏனைய பத்தொன்பது வீட்டாரும் ஒழுக்கமாகச் சோர்ந்தே இருந்தார்கள்.

ஆய்வுத் தலைவர் கலாநிதி யோகநாதன் தலையில் கைவைத்தார்.

"இருவத்தொண்டு எப்பிடி எட்டாகும்? என்ன செய்தனீர்?"

"கதைச்சனான் சேர்."

"அவா ஒரு தரவு! தரவோட ஆரும் கதைக்கிறதோ?"

"இப்ப வடிவாச் சாப்பிடுறா சேர்."

"இஞ்ச கருவியெல்லோ சாகுது தங்கச்சி!"

உடனே சுற்றறிக்கை பிறந்தது. உத்தியோகத்தர்கள் தேநீர் அருந்தலாகாது, கதிரையில் அமரலாகாது, பெருமூச்சுக்குப் பதிற்பெருமூச்சு விடலாகாது. விமலேஸ்வரி வீட்டுப்பக்கம் ஒரு மாதம் தலைகாட்டாமலிருந்து, பின்னர் 'புதிதாக' இருமுறை அளக்கவேண்டும்.

தாட்சாயினிக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் உழைப்பவள் அவள் ஒருத்திதான். நாலு கிலோமீற்றர் சுற்றிப் போனாள். மாதம் முடிய, விமலேஸ்வரியின் வாசற்படலையில் நின்றபடி கேட்டாள். இருபத்திரண்டு. இரண்டு கிழமை கழித்து மறுபடியும் படலையில் நின்றாள்.

"பிள்ளை, நான் ஏதும் பிழையாக் கதைச்சுப்போட்டனோ? ஏன் வாறேல்லை?"

"பத்தாவது கேள்விக்கு மறுமொழி சொல்லுங்கோ அம்மா" என்றாள் தாட்சாயினி, படிவத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

இருபத்திரண்டு.

கருவி தேறிவிட்டது. கிளிநொச்சியில் மண்டபம் எடுத்து விழா வைத்தார்கள். யோகநாதன் அவளுக்குப் பொன்னாடை போர்த்தி ஒலிவாங்கியை நீட்டினார்.

"ஒரு புள்ளிகூட அசையேல்லை! எப்பிடிச் செய்தனீர் எண்டு சபைக்குச் சொல்லும்."

தாட்சாயினி ஒலிவாங்கியை வாங்கினாள்.

"அந்த மனிசிக்கு ஆரும் ஒண்டும் செய்யேல்லை சேர். அதுதான் அசையேல்லை."

சபை எழுந்து நின்று கைதட்டியது.