சின்ன பேட்டரியின் பெரிய காவலர்

பேட்டரிக் காவலர் என்றொரு மனித இனம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெட்ரோலிலும் ஓடும், சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றினால் மின்சாரத்திலும் ஓடும் அந்த இரட்டை வண்டியை வாங்கிய மறுநாளே இவருடைய நடை மாறிவிடும். சட்டைப் பையில் பேனா இருந்த இடத்தில் மஞ்சள் நிற மீட்டர் ஒன்று குடியேறும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, வாசலில் நிற்கும் காரின் பானெட்டைத் திறந்து பார்க்க முடியவில்லையே என்ற துக்கம்தான் இவர் முகத்தில் அதிகமாகத் தெரியும். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் வராது. நம்பர் வரும்.

எந்த நம்பர் என்கிறீர்களா? இந்த வண்டிகளில் இரண்டு பேட்டரிகள். பெரியது சக்கரத்தைச் சுற்றுகிற பயில்வான். அதைப் பற்றி நம் காவலருக்கு அக்கறை கிடையாது. டிக்கியின் ஓரத்தில் ஒரு மூலையில் சின்னது ஒன்று இருக்கும், பன்னிரண்டு வோல்ட். கதவுப் பூட்டு, விளக்கு, திரை, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதன் தயவில்தான். பெரிய பேட்டரியைத் தட்டி எழுப்புவதும் அதுவே. அது படுத்துவிட்டால் பயில்வானும் படுத்தபடிதான். ஆகவே சின்னதைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது நியாயம். ஆனால் கவனிப்பதற்கும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா?

எனக்கு இந்த இனத்தை நெருங்கி ஆராயும் பாக்கியம் கிடைத்தது. என் அக்காவின் கணவர் அவர்களில் ஒருவர். இன்சூரன்ஸ் கம்பெனியில் மேனேஜர், நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். வீட்டுக்குள் நுழைகிறவர்களை "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், இப்போது "வாங்க, பன்னண்டு புள்ளி ஏழு!" என்கிறார். வந்தவர் காய்ச்சல் யாருக்கு என்று விழிப்பார்.

காவலருக்குச் சில வசனங்கள் மனப்பாடம். "இந்தக் கம்பெனிக்காரனுக்கே இது தெரியாது." "ஓய்வுல பன்னண்டு ஏழு இருந்தா ஃபுல். பன்னண்டுக்குக் கீழ போனா ஆபத்து." "சார்ஜ் ஏறும்போது பதினாலு காட்டும், அதை நம்பாதே." இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. காவலருடைய அறிவில் ஓட்டை இருந்தால் நாம் தப்பித்திருப்போம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் சரி. அதை வைத்து அவர் செய்வதுதான் நம் தலையெழுத்து.

நான் சொல்ல வந்தது அக்காவின் நேர்காணலைப் பற்றி. அக்கா ஒரு பள்ளியில் உதவித் தலைமையாசிரியை. தலைமையாசிரியை நாற்காலி இரண்டு முறை காலியாகி, இரண்டு முறையும் அவளைத் தாண்டிப் போய் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். மூன்றாவது முறை காலியானது. காலையில் நேர்காணல், பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்த பெயர், இடமோ ஊரின் மறுகோடி. அவளுக்கு ஓய்வுபெறும் வயது நெருங்குகிறது. இது போனால் போனதுதான். துணைக்கு நான் முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டேன்.

போனால் அத்தான் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார். நான்கு கதவும் திறந்திருக்கின்றன. சார்ஜர் வயர் சுவரோரம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

"ஏன் அத்தான் கழட்டிட்டீங்க?"

"பின்ன? மாட்டி வெச்சா பெரிய பேட்டரியோட சேர்த்துச் சின்னதுக்கும் ஊட்டிக்கிட்டே இருக்கும். அப்புறம் மீட்டர் காட்டுறது நிஜ நம்பர் இல்ல மாப்ள. நாளைக்கு உங்க அக்காவுக்கு முக்கியமான நாள். ரிஸ்க் எடுக்க முடியுமா?"

என்ன பாசம்! எனக்கே கண் கலங்கியிருக்கும், அவர் அடுத்து செய்ததைப் பார்க்காமல் இருந்திருந்தால். பிரேக்கை மிதிக்காமல் பட்டனை மட்டும் அழுத்தினார். அப்படி அழுத்தினால் வண்டி பாதி முழிப்பில் நிற்கும்; திரை எரியும், காற்றாடி சுற்றும், பாட்டுப் பாடும், ஆனால் பெரிய பேட்டரி எழுந்து வந்து கை கொடுக்காது. மொத்தச் செலவும் சின்னதன் தலையில். பிரேக்கை மிதித்து அழுத்தியிருந்தால் பெரியது விழித்துச் சின்னதுக்கும் சார்ஜ் ஏற்றியிருக்கும். அது அத்தானுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் மிதிக்கவில்லை.

"பாரு, பன்னண்டு ஏழு இருந்துச்சு, இப்ப பன்னண்டு நாலு. இறங்குது பாத்தியா!" டாக்டர் எக்ஸ்ரேயில் எலும்பு முறிவைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவருக்கு.

"அப்ப ஆஃப் பண்ணிடலாமே அத்தான்?"

"ஆஃப் பண்ணிட்டா எவ்ளோ இறங்கும்னு எப்படித் தெரியும்?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? உள்ளேயிருந்து அக்கா சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டே குரல் கொடுத்தாள். "ஏங்க, அந்த வண்டியக் கொஞ்சம் தூங்க விடுங்களேன்!"

"தூங்குதான்னுதாம்மா பாத்துட்டிருக்கேன்!"

சாப்பிட மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகு அணைத்துவிட்டு வந்தார். படுக்கும் வரை சும்மா இருந்தாரா? கதவைத் திறந்தாலே உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் அத்தனையும் கொட்டாவி விட்டு எழுந்து வேலை கேட்கும் என்பது தெரிந்தும், திறந்து பார்ப்பதும், உதட்டைப் பிதுக்குவதும், மூடிவிட்டு வருவதும், வந்து உட்கார்ந்ததும் மூடினோமா என்று சந்தேகம் வந்து மறுபடி போய்த் திறந்து பார்ப்பதுமாக இருந்தார்.

காலையில் அக்கா இஸ்திரி மடிப்புக் கலையாத புடவையில், மார்போடு ஃபைலை அணைத்துக்கொண்டு வண்டியருகே வந்து நின்றாள். அத்தான் ரிமோட்டை அமுக்கினார். கதவு அசையவில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் குட்டிச் சாவியால் திறந்து, இந்த முறை பிரேக்கை மிதித்தே பட்டனை அழுத்தினார். திரை ஒரு தடவை கண் சிமிட்டியது. அவ்வளவுதான். பெரிய பேட்டரி நிறைய மின்சாரம் இருந்தது, டாங்க் நிறையப் பெட்ரோல் இருந்தது, எழுப்பத்தான் ஆள் இல்லை.

எதிர் வீட்டுப் பல் டாக்டரம்மா தன் பழைய பெட்ரோல் காரில் கிளம்பிக்கொண்டிருந்தவர், இறங்கி வந்தார். "என்ன சார், பேட்டரி டவுனா? எங்கிட்ட கேபிள் இருக்கு, ரெண்டு நிமிஷத்துல எழுப்பிடலாம்."

"தொடாதீங்க!" என்று அத்தான் கத்திய கத்தலில் டாக்டரம்மா கையிலிருந்த கேபிள் கீழே விழுந்தது. "இப்ப கரண்ட் குடுத்தா தடயம் அழிஞ்சிடும் மேடம். ஏன் இறங்குச்சுன்னு முதல்ல தெரியணும். மாப்ள, அந்த மீட்டரை எடு!"

அக்கா அவரைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அவள் கோபப்படவில்லை, வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் கணக்கு ஏறாத பையனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு, வீட்டு வாசலிலேயே, சொந்தப் புருஷனே அடுத்த பெயரைக் கூப்பிட வைக்கப் பார்த்தாரே!

"டாக்டர், என்னை இறக்கி விட்டுடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பழைய காரில் ஏறி உட்கார்ந்தாள். அது ஒரு இருமல் இருமிவிட்டுக் கிளம்பியது. துணைக்கு வந்த நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அத்தான் நிமிரவில்லை. டிக்கிக்குள் இருந்தார்.

சாயங்காலம் அக்கா திரும்பி வந்தபோது அவர் வாசலிலேயே வெற்றிப் புன்னகையோடு நின்றிருந்தார். "கண்டுபிடிச்சிட்டேன்! யாரோ கதவை அடிக்கடி திறந்து மூடியிருக்காங்க. அதான் இறங்கியிருக்கு." சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அக்கா செருப்பைக் கழற்றினாள். "நான் போறதுக்குள்ள என் பேரைக் கூப்பிட்டுட்டாங்க. கடைசியா ஒரு தடவை கூப்பிடுங்கன்னு கெஞ்சினேன். கூப்பிட்டாங்க. வேலை கெடைச்சிடுச்சு. தலைமையாசிரியை."

அத்தான் முகம் மலர்ந்தது. நெஞ்சில் அடித்துச் சொல்கிறேன், உண்மையிலேயே மலர்ந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். இதோ, ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று நானும் நம்பினேன்.

"அந்த ஸ்கூல்ல சார்ஜிங் பாயின்ட் இருக்கா?" என்றார்.

அக்கா இப்போது டாக்டரம்மாவோடுதான் பள்ளிக்குப் போகிறாள். அத்தானுக்கு அதில் வருத்தமில்லை. வண்டி யார் தொந்தரவும் இல்லாமல் நிற்கிறது, நம்பரும் நன்றாக இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மேலே பன்னிரண்டு புள்ளி ஏழு என்று வந்த இடத்தில், "குளிர் நாள்ல அந்தக் கணக்கு மாறுமே" என்று உங்கள் நாக்கு துறுதுறுத்ததா? பரவாயில்லை, எனக்குக் கடிதம் போட வேண்டாம். பதிலாக ஒரே ஒரு கேள்விக்கு, யாரிடமும் கேட்காமல், பதில் சொல்லிப் பாருங்கள்: நாளைக் காலை உங்கள் வீட்டில் யார், எங்கே, எதற்காகப் போக வேண்டும்?

தெரியவில்லையா? மீட்டரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போங்கள். அவர்கள் எதிர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்னால்.